ஏழு பங்கு, இருநூற்றுப் பத்து கிராம்

என் அம்மா சாரதாதேவி மல்லித்தூளைக் கையால் அள்ளிப் பைக்குள் போட்டால் ஐம்பது கிராம் இருக்கும். நாற்பத்தொன்பது இருக்கலாம், ஐம்பத்தொன்று இருக்கலாம். அதற்கு அப்பால் போகாது. இதை மகன் என்ற பாசத்தில் எழுதவில்லை. தராசுகளின் பிழையை அளந்து சான்றிதழ் கொடுப்பது என் தொழில். ஒரு சனிக்கிழமை அவர் வேலை செய்த கடைக்குப் போய், அவர் கட்டி வைத்த நாற்பது பைகளை நிறுத்துப் பார்த்தேன். முடிவைச் சொன்னபோது, "உனக்கு வேறை வேலை இல்லையோ?" என்று கேட்டார். அப்போது நாற்பத்தோராவது பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கடை பாரிசில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பலில், ரூ பெர்தொனே என்ற தெருவில் இருக்கிறது. இரத்தினம் அண்ணையின் பலசரக்குக் கடை. சீரகமும் மல்லியும் பெருஞ்சீரகமும் இருபத்தைந்து கிலோ மூட்டைகளில் வரும். அம்மா பின்னறையில் நின்று அவற்றைச் சிறு பைகளாகப் பிரித்து, சூட்டில் ஒட்டும் மெஷினில் வாயை ஒட்டுவார். பத்தொன்பது வருடம் அதைச் செய்தார். அதற்கு முன் அலுவலகங்களைத் துப்புரவு செய்தார். அப்பா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார், 2009இல் இறந்தார். அதன்பிறகு என்னையும் தங்கை யசோதினியையும் அம்மா தனியாகத்தான் வளர்த்தார்.

இந்த வருடம் பெப்ரவரி பதினோராம் திகதி அம்மா இறந்தார். இதயம். அறுபத்து நான்கு வயது. லா கூர்னெவில் எங்கள் வீட்டுக் குசினியில் அவருடைய கண்ணாடி இன்னும் அரிசிப் பேணிக்கு மேலே இருக்கிறது. நான் எடுத்து வைக்கவில்லை. எடுத்தால் எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

எழுதுகிறேன், ஏனென்றால் நன்றி சொல்ல வேண்டிய ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

கடைசி வருடங்களில் அம்மா தனக்கென்று கேட்டது ஒன்றுதான்: பிரெஞ்சுக் குடியுரிமை. 1992இல் இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர். யசோதினி திருமணமாகி லண்டனில் இருக்கிறாள். அகதிக்குக் கொடுக்கும் பயணப் பத்திரத்தோடு லண்டன் போக விசா வேண்டும். 2021இல் யசோதினிக்கு முதல் குழந்தை பிறந்தபோது அம்மா மூன்று மாதம் முன்பே விசாவுக்குக் கொடுத்தார். விசா வந்தபோது குழந்தை கவிழ்ந்து படுக்கப் பழகிவிட்டது. பிள்ளைப்பேற்றுக்குத் தாய் பக்கத்தில் இல்லாததை யசோதினி வாய்விட்டுச் சொல்லவில்லை. அம்மா அடிக்கடி சொன்னார். லண்டன் ரயில் புறப்படும் கார் து நோர், அவர் வேலை செய்த கடையிலிருந்து ஆறு நிமிட நடை.

"சாமானோடை நடந்தா எட்டு," என்பார்.

2023 ஜனவரியில் விண்ணப்பம் போட்டோம். பிரெஞ்சுத் தேர்வில் இரண்டாம் முறைதான் தேறினார். கோப்பு போன பிறகு செய்ய வேண்டியது ஒன்றுதான்: நேர்முகத்துக்கு அழைக்கும் வரை எந்த வில்லங்கமும் இல்லாமல் இருப்பது.

அம்மாவுக்கு இன்னொரு வேலையும் இருந்தது, சம்பளம் இல்லாத வேலை. பங்கு போடுவது.

யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பல வீடுகள் சேர்ந்து ஒரு முழு ஆட்டை வாங்கி, வெட்டி, சமமாகப் பிரித்து எடுப்பது. அம்மா பாரிசில் எட்டு வீடுகளுக்கு அதை நடத்தினார். நொர்மாந்திப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து வெட்டிய ஆடு வரும். இறைச்சி, எலும்பு, ஈரல், கொழுப்பு எல்லாவற்றையும் எட்டுக் குவியலாக வைப்பார். பிறகு ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அம்மா ஒரு குவியலில் விரலை வைத்து, "இது ஆருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயரைச் சொல்வார். பிரித்தவருக்கு எது யாருக்குப் போகும் என்று தெரியாது. பெயர் சொல்பவருக்கு எது எவ்வளவு என்று தெரியாது. இதைவிடச் சுத்தமான முறையை நான் என் ஆய்வுகூடத்தில் கண்டதில்லை. யார் வேண்டுமானாலும் தன் பங்கைத் திரும்ப நிறுத்துப் பார்க்கலாம். அது அவர்களுடைய உரிமை. அதற்காக அம்மா எப்போதும் ஒரு சிறிய தராசைக் கைப்பையில் கொண்டு திரிந்தார். அறுபதாவது பிறந்தநாளுக்கு நான் வாங்கிக் கொடுத்த தராசு.

அம்மாவின் பங்காளிகளில் ஒருவர் பியட்றிஸ் அம்மா. புதுச்சேரிக்காரர், பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடிமகள். அஞ்சலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிய பிறகு அவருக்குப் பாதம் எரியத் தொடங்கியது. தூக்கம் போயிற்று. யாரோ சொல்லி, சிபிடி பூ வாங்கி அவித்துக் குடித்தார். கொஞ்சம் தூங்க முடிகிறது என்றார். வைத்தியர், "நான் தரும் குளிசைகளோடு மோதாத அளவில் குடியுங்கள், மருந்துக்கடையிலும் சொல்லி வையுங்கள்" என்று விட்டுவிட்டார்.

சிபிடி பூ என்பது கஞ்சாச் செடியின் பூதான். போதை தரும் பொருள் 0.3 சதவீதத்தைத் தாண்டாத வகை. இங்கே கடையில் வெளிப்படையாக விற்கிறார்கள், யாரும் வாங்கலாம். தெருமூலையில் இளைஞர்கள் கள்ளமாக விற்பதற்கும் இதற்கும் கண்ணாலும் மூக்காலும் வித்தியாசம் காண முடியாது. வித்தியாசம் பையில் ஒட்டியிருக்கும் லேபிளில் மட்டும்தான் இருக்கிறது.

பியட்றிஸ் அம்மா ஐந்து கிராம் டப்பா ஒன்றை அம்மாவிடம் காட்டி விலையைச் சொன்னார். அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அடுத்த நாளே இருவரும் அந்தக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் டேமியன், முப்பது வயதுக்காரர், கையெல்லாம் பச்சை குத்தியவர். பின்னாளில் இந்தக் கதையை அவரே எனக்கு நடித்துக் காட்டினார்.

அம்மா முதலில் விலைப்பலகையை மேலிருந்து கீழே வாசித்தார். ஒரு கிராம், ஐந்து, பத்து, நூறு. நூறு கிராமாக வாங்கினால் கிராமுக்கு மூன்றில் ஒரு பங்கு விலைதான்.

"கண்டியளோ பியட்றிஸ். பூவுக்குக் காசில்லை, டப்பாவுக்குத்தான் காசு."

"மெதுவா பேசு சாரதா. இது உன் சீரகக் கடை இல்ல."

"காய்ஞ்ச பூ தானே. சீரகம் என்ன வானத்திலை இருந்தோ விழுந்தது?" என்று சொல்லிவிட்டு டேமியனிடம் பிரெஞ்சில் கேட்டார்: "ஈரம் எத்தனை வீதம்?"

டேமியனிடம் மொத்த வியாபாரிகளைத் தவிர யாரும் அதைக் கேட்டதில்லையாம். அம்மா விடவில்லை. காம்போடு நிறுப்பீர்களா, காம்பை எடுத்துவிட்டா? அடியில் தூள் எவ்வளவு விழும்? ஒரு பூவை எடுத்துக் காம்பை முறித்துப் பார்த்தார். வளைந்தது. "இதிலை தண்ணி கிடக்கு. தண்ணிக்கு நான் காசு தரமாட்டன்," என்றார். டேமியன் உள்ளே போய் வேறொரு பையை எடுத்து வந்தார். அது முறிந்தது. இருநூறு கிராம் பேசி முடித்து, காம்புக்குக் கழிவாகப் பத்து கிராம் மேலே போட வைத்தார்.

இருநூற்றுப் பத்து. ஏழு பேர். ஆளுக்கு முப்பது கிராம். நாளுக்கு ஒரு கிராம் வைத்தால் ஒரு மாதம். கணக்கு மிச்சமில்லாமல் வந்தது அம்மாவுக்குப் பிடித்திருந்தது. ஏழு பேரில் அவரும் ஒருவர். வருடக்கணக்காக நின்று முழங்கால் போயிருந்தது. சமையல் வேலையில் தோள் விழுந்த கிறிஸ்தோப்பர் ஒருவர். அம்மாவையும் பியட்றிஸ் அம்மாவையும் தவிர மற்றவர்கள் எல்லாரும் சார்செல் என்ற புறநகரில் இருந்தார்கள். பூவின் சத்து கொழுப்பில்தான் இறங்கும் என்று டேமியன் சொல்லியிருந்தார். வெண்ணெய் போடச் சொன்னார். அம்மா தேங்காய்ப்பாலில் காய்ச்சினார். நான் குடித்துப் பார்த்தேன். குடிக்கக் கூடியதாக இருந்தது என்பதற்கு மேல் சொல்ல முடியாது.

ஐந்து மாதம் எந்தத் தடங்கலும் இல்லை. இரத்தினம் அண்ணைதான் பகிடி பண்ணுவார்: "சாரதா, உன்ரை கஞ்சாவை மிளகாய்த்தூளுக்குப் பக்கத்திலை அடுக்கட்டோ? ஒண்டு வாங்கினா ஒண்டு இலவசம் எண்டு போட்டுவிடுவம்."

"நீங்கள் முதலிலை உங்கடை மிளகாய்த்தூளிலை உமியை எடுங்கோ அண்ணை."

ஆறாவது மாதம், 2024 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணி. கார் து நோரில் சார்செல் ரயிலுக்காக நின்ற அம்மாவிடம் ஒரு நாய் வந்து உட்கார்ந்தது. பின்னால் மூன்று பொலிஸ்காரர்.

பையில் என்ன இருந்தது என்பதை வழக்கறிஞர் ஆலீஸ் எனக்குச் சொன்னார். அரசு நியமித்த இளம் வழக்கறிஞர். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா தடுப்புக்காவலில் இருந்தார். என்னால் பார்க்க முடியவில்லை.

"உங்கள் அம்மாவின் பை, போதைப்பொருள் விற்பவரைப் பற்றிய பாடப்புத்தகம் மாதிரி இருக்கிறது," என்றார் ஆலீஸ். "பூ ஆறு பை. ஒவ்வொன்றும் சரியாக முப்பது கிராம். மெஷினில் ஒட்டியது. பெயர் இல்லை, ஒன்றிலிருந்து ஆறு வரை எண் மட்டும். ஒரு தராசு. எல்லாவற்றுக்கும் மேலே ஐந்து கிலோ வறுத்த மிளகாய்த்தூள். நாயை ஏமாற்ற என்று நினைக்கிறார்கள்."

மிளகாய்த்தூள் கிறிஸ்தோப்பரின் மனைவி கேட்டது. அதை மேலே வைத்தது உண்மையிலேயே பூவின் மணத்தை மறைக்கத்தான். ரயிலில் பக்கத்தில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பது அம்மாவுக்கு வெட்கமாக இருந்தது. ஏழாவது பை அவருடையது. அது வீட்டில் இருந்தது. அதையும் பொலிஸ் எடுத்துப் போனது.

"டேமியன் கொடுத்த பையில் லேபிள் இருந்ததே?" என்றேன்.

"அந்தப் பை எங்கே என்று அவரிடம் கேட்டார்கள். குப்பையில் போட்டாராம். அதற்கு மேல் எதையுமே அவர் மறுக்கவில்லை. அதுதான் சிக்கல். பிரித்தீர்களா? ஓம். ஏழு பேருக்கா? ஓம். முதலே காசு வாங்கினீர்களா? ஓம், வாங்காமல் எப்படி மொத்தமாக வாங்குவது என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்."

என் தொழிலில் ஓர் அளவு நம்பத்தக்கது என்றால், அது ஒவ்வொரு கட்டமாக மூலத்துக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு கண்ணி அறுந்தால் சான்றிதழ் வெறும் தாள். டேமியனிடம் ஓடி அந்தச் சரக்கின் ஆய்வு அறிக்கையையும் பற்றுச்சீட்டையும் வாங்கி வந்தேன். அவர் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு வந்தார். ஆனால் அறிக்கையில் இருந்த சரக்கு எண் அம்மாவின் பைகளில் இல்லை. மூட்டையைப் பிரித்துப் பையில் போட்டு ஒட்டுவது அவருடைய வேலை. மூட்டையின் சாக்கை யாரும் வைத்திருப்பதில்லை. இத்தனை வருடம் சரியாகச் செய்த ஒன்றை அந்த மாதமும் சரியாகச் செய்திருந்தார். முந்திய ஐந்து மாதமும்தான். எனக்குத் தெரியும். தராசைக் கொடுத்தவன் நான். லேபிளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டியவனும் நான்.

ஒரு தாளில் எழுதி ஆலீஸிடம் கொடுத்தேன்: 210 ÷ 7 = 30. 30 ÷ 30 நாள் = 1 கிராம். ஒருவருக்கு ஒரு மாதம். அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நல்லது. அந்த ஏழு பேர் யார் என்று சொன்னால் போதும். விசாரணை அதிகாரி நல்ல மனிதர்தான். பெயர்களைக் கேட்கிறார். அம்மா சொல்ல மறுக்கிறார். சொல்லாவிட்டால் காவலை இன்னொரு நாள் நீட்டுவார்கள். பிறகு வழக்குத்தொடுநரிடம் போகும். அவருடைய குடியுரிமைக் கோப்புக்கு என்ன நடக்கும் என்று நான் அவருக்கு விளக்கிவிட்டேன்."

"என்ன சொன்னார்?"

"விளங்கியது என்றார். இரண்டு தடவை சொன்னார்."

ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "ஒரு ஆள் வேலைக்கு வான் ஓடுறவர், பொலிசிலை பேர் போனா லைசென்ஸ் போயிடும். இன்னொரு ஆளுக்கு விசா இன்னும் வரேல்லை. அவையள் என்னை நம்பித்தானே தந்தவை," என்றார். "பங்கிலை ஆர் ஆர் எண்டு நான் ஆடு தாறவனுக்கே சொல்லுறேல்லை."

ஆலீஸ் வழியாக எனக்கு ஒரு செய்தி மட்டும் அனுப்பியிருந்தார். தங்கைக்குச் சொல்லாதே. ஒருவருக்கும் சொல்லாதே.

அன்று பின்னேரம் பியட்றிஸ் அம்மா தன் பங்குக்காகத் தொலைபேசி எடுத்தார். நான் பொய் சொல்லிப் பழகாதவன். பொலிஸ் பிடித்துவிட்டது என்றேன். "எந்த ஸ்டேஷன்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு நான் காவல் நிலையத்தின் முன்கூடத்தில் இருந்தேன். பியட்றிஸ் அம்மா உள்ளே வந்தார். தேவாலயத்துக்குப் போகும் சேலை, கையில் ஊன்றுகோல். பின்னால் கிறிஸ்தோப்பர். அவருக்குப் பின்னால் சார்செல்காரர் இரண்டு பேர், கணவன் மனைவி அல்ல, ஒருவரோடு ஒருவர் பழக்கம்கூட இல்லாதவர்கள். அம்மாவின் பங்கில் இருந்ததைத் தவிர அவர்களுக்குள் எந்தத் தொடர்பும் இல்லை. முதல் நாள் இரவு பியட்றிஸ் அம்மா ஒவ்வொருவராகத் தொலைபேசியில் பிடித்திருந்தார். நாலு பேர். ஒவ்வொருவர் கையிலும் அடையாள அட்டையும், போன மாதத்து வெறும் பையும்.

பியட்றிஸ் அம்மா முன்மேசைக்குப் போய், தான் முப்பத்தேழு வருடம் பிரெஞ்சு அஞ்சலகத்தில் வேலை செய்தவர் என்று தொடங்கினார். மூன்றாம் எண் பை தன்னுடையது என்றார். அது சட்டப்படியான பொருள், தன் காசில் வாங்கியது, அதைத் திருப்பித் தர வேண்டும், சாரதாவையும் திருப்பித் தர வேண்டும் என்றார். காவலர் உட்காரச் சொன்னார்.

"உட்காருறேன் முஸ்யே. ஆனா நீங்க பேர எழுதிக்கிட்ட அப்புறம் உட்காருறேன்," என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ மொழிபெயர்க்காத. என் பிரெஞ்சு உன் பிரெஞ்ச விட நல்லாதான் இருக்கும்."

கிறிஸ்தோப்பர் என் காதில் சொன்னார்: "தம்பி, நான் அஞ்சாம் நம்பர். வழியிலை மனுசி சொல்லிவிட்டவள், மிளகாய்த்தூளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வரட்டாம்."

நான் முந்திய நாளிலிருந்து சாப்பிடவில்லை. அந்த இடத்தில் சிரித்துவிட்டேன். கண்ணீரும் வந்தது. கிறிஸ்தோப்பர் நல்ல தோளால் என்னை இடித்தார்.

நாலு பேரின் வாக்குமூலத்தையும் தனித்தனியாக எடுத்தார்கள். நாலு பேரும் ஒரே அளவைச் சொன்னார்கள்: முப்பது கிராம், ஒரு மாதம், தேங்காய்ப்பால். அதிகாரி மூன்றாவது ஆளிடம் தேங்காய்ப்பால் எத்தனை மில்லிலீற்றர் என்று கேட்டிருக்கிறார். மற்ற இரண்டு பேர் வரவில்லை. அவர்கள் யார் என்று ஒருவரும் சொல்லவில்லை. அதிகாரியும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. சரக்கை ஆய்வுக்கு அனுப்பிவிட்டு, மதியம் அம்மாவை விட்டார்கள்.

அம்மா வெளியே வந்து நாலு பேரையும் பார்த்தார். என்னைப் பார்த்து, "உன்னை ஒருத்தருக்கும் சொல்லாதை எண்டெல்லே சொன்னனான்?" என்றார்.

"அவன் என்ன பண்ணுவான்? என் கால் எரியுது, பூ வரல, நான்தான் கேட்டேன்," என்றார் பியட்றிஸ் அம்மா.

"உங்களுக்கு விசர் பியட்றிஸ். இந்தக் காலோடை மெத்ரோவிலை வந்தனீங்களோ?"

"இல்ல. டாக்ஸி. அத ஏழாப் பிரிச்சுக்கலாம்."

பத்து வாரத்துக்குப் பிறகு ஆய்வு முடிவு வந்தது. 0.19 சதவீதம். எல்லை 0.3. அறிக்கையில் அளவீட்டுப் பிழையின் வரம்பையும் போட்டிருந்தார்கள். அதையும் சேர்த்துப் பார்த்தாலும் எல்லைக்குள்தான் இருந்தது. அதைச் செய்த ஆய்வாளர் யார் என்று தெரியாது. நேர்த்தியான வேலை. அவருக்கு என் நன்றி. வழக்கு முடிந்தது. ஆலீஸ் கட்டணம் இல்லாமல் இன்னொரு கடிதம் எழுதி, பொலிஸ் பதிவையும் அழிக்க வைத்தார்.

அதன் பிறகும் பூ வாங்கினார்கள். டேமியன் அதே மொத்த விலையில் ஏழு பையாக அவரே பிரித்து, ஒவ்வொன்றிலும் சரக்கு எண்ணோடு லேபிள் ஒட்டிக் கொடுத்தார். அம்மா அவற்றைத் திரும்ப நிறுத்துப் பார்த்தார் என்பதையும் சொல்ல வேண்டும். வராத இரண்டு பேருக்கும் பங்கு தொடர்ந்தது, பூவிலும் ஆட்டிலும். எனக்கு அது பிடிக்கவில்லை. கேட்டேன்.

"வராததுக்குக் காரணம் இருக்கும். எங்களிட்டைச் சொல்ல வேணும் எண்டு ஏதும் இருக்கோ?" என்றார். "காசு ஒழுங்காத் தருகினம். பங்கு எண்டா அவ்வளவுதான்."

நவம்பரில் நேர்முகத்துக்கு அழைத்தார்கள். நான் அம்மாவைத் தயார்ப்படுத்தினேன். புத்தகத்தில் இருந்த கேள்விகள் எல்லாம் பாடம். கடைசியில் சொன்னேன்: "அம்மா, பொலிஸ் விசயம் அழிஞ்சு போச்சு. அவையள் கேட்டால் மட்டும் சொல்லுங்கோ. நீங்களாகத் தொடங்காதேங்கோ." ஓம் என்றார்.

உள்ளே உறவினரை விடுவதில்லை. நாற்பத்தைந்து நிமிடம் வாசலில் நின்றேன். அம்மா படியில் இறங்கி வந்தார், கைப்பிடியைப் பிடித்து, ஒவ்வொரு படியாக.

"கேட்டவையோ?"

"இல்லை."

"அப்ப நல்லது."

"நான்தான் சொன்னனான்."

நான் அவருடைய கைப்பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"சாரு, உள்ளை கேள்வி கேட்ட பிள்ளை நல்ல பிள்ளை. முகத்தைப் பார்த்துக்கொண்டு மறைக்க ஏலாமல் போச்சு. நாளைக்கு ஆரும் சொல்லி அவ அறிஞ்சா? அதுதான் முதலே சொல்லிப்போட்டன். பிறகு பங்கு எண்டா என்ன எண்டு கேட்டா. ஆட்டிலை இருந்து தொடங்கினன்."

"ஆட்டிலை இருந்தோ?"

"ஓம். எட்டுக் குவியல், ஒரு ஆள் சுவரைப் பார்த்து நிக்கிறது, எல்லாம். எழுதிக்கொண்டே இருந்தா. சிறுநீரகம் ரெண்டு தானே, எட்டுப் பேருக்கு என்ன செய்வீங்கள் எண்டு கேட்டா. ஒவ்வொண்டையும் நாலா வெட்டுவம் எண்டன்."

"அம்மா, சுதந்திரம், சமத்துவம் அதுகளைக் கேக்கேல்லையோ? பாடமாக்கினதெல்லே?"

"சமத்துவம் எண்டா என்ன எண்டு கேட்டா. அதுக்குத்தானே ஆடு சொன்னனான்."

மெத்ரோ வரை நான் இரண்டு அடி முன்னால் நடந்தேன். குடியுரிமை இனிக் கிடைக்காது என்று நான் முடிவு செய்திருந்தேன். கோபமாக இருந்தேன். அந்தக் கோபத்துக்காக இன்று வெட்கப்படுகிறேன். அந்த அதிகாரி என்ன எழுதினார் என்று எங்களுக்குத் தெரியாது. அவருடைய பெயரும் தெரியாது. அம்மாவுக்கு அவருடைய காதுத்தோடு மட்டும் நினைவிருந்தது, பச்சைக் கல்.

2025 ஏப்ரலில் குடியுரிமை வழங்கும் அரசாணையில் அம்மாவின் பெயர் வந்தது. நான் வேலையில் இருந்தேன். ஆலீஸ்தான் பார்த்துவிட்டு அழைத்தார். கடைக்குத் தொலைபேசி எடுத்தேன். இரத்தினம் அண்ணை எடுத்து, "சாரதா! பிரெஞ்சுக்காரி!" என்று பின்னறையைப் பார்த்துக் கத்தியது கேட்டது. "ஒட்டுற மெஷின் சூடாக் கிடக்கு, போனை வைக்கச் சொல்லுங்கோ," என்று அம்மாவின் குரல். பிறகு இரத்தினம் அண்ணை மெல்லச் சொன்னார்: "இருந்திட்டா தம்பி. மூட்டைக்கு மேலை இருந்திட்டா. அழட்டும், விடு."

யசோதினி அப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். ஓகஸ்டில் நாள் குறித்திருந்தார்கள்.

ஜூனில் கடவுச்சீட்டு வந்தது. பிரித்தானியாவுக்கான மின்னணு அனுமதியைத் தொலைபேசியில் போட்டேன். பத்து நிமிடத்தில் வந்தது. ஓகஸ்ட் முதல் வாரம் நானும் அம்மாவும் கார் து நோரின் மேல்தளத்துக்கு ஏறினோம். அந்த மாடிப் படியில் அம்மா கால் வைத்தது அதுதான் இரண்டாம் தடவை. முதல் தடவை 2021இல் விசாவோடு வந்தபோது, ஒவ்வொரு தாளாக எடுத்துக் காட்டி நின்றவர். இந்த முறையும் கைப்பையில் எல்லாத் தாள்களையும் கொண்டு வந்திருந்தார்: அரசாணையின் பிரதி, பிறப்புச் சான்று, மின்சாரக் கட்டண ரசீது, தங்கையின் கடிதம், ஆய்வு முடிவு. 0.19.

பிரித்தானிய எல்லைச் சோதனை அந்த நிலையத்திலேயே நடக்கும், அங்கே தானியங்கிக் கதவு. கடவுச்சீட்டை வைக்கச் சொன்னேன். வைத்தார். கமெராவைப் பார்க்கச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி, சேலையைச் சரிசெய்து, படம் எடுக்க நிற்பதுபோல் நின்று பார்த்தார். கதவு திறந்தது. பதினொரு வினாடி.

அம்மா அந்தப் பக்கம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். கையில் தாள்கள்.

"அவ்வளவு தானோ?"

"அவ்வளவுதான் அம்மா."

"ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை?"

"இல்லை."

நான் என் கதவால் வெளியே வந்தேன். அம்மா நகரவில்லை. யாராவது கூப்பிடுவார்கள் என்று இன்னும் ஒரு நிமிடம் காத்து நின்றார். பிறகு தாள்களைக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்து, "வா, ரயில் போயிடும்," என்றார். ரயிலுக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது.

ஐந்தாம் நாள் யசோதினிக்குப் பெண் பிள்ளை பிறந்தது. மூன்று கிலோ நூற்றிருபது. அம்மா அறைக்குள் இருந்தார். தாதி நிறுக்க எடுத்துப் போகுமுன் பிள்ளையைக் கையில் வாங்கி, மூன்று கிலோ நூறு இருக்கும் என்று அம்மா சொன்னதாக யசோதினி சொல்கிறாள். நான் வெளியே நடையில் இருந்தேன். கேட்டது பிள்ளையின் அழுகையும், அதற்குப் பிறகு அம்மாவின் குரலும்தான்.